அமெரிக்காவில் இரண்டு வருட அலைட் ஹெல்த் படிப்பு: சேருவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் உள்ளே ல, ள, ழ படிக்கிற ஒன்றரை மணி நேரமும் வாசலில் அம்மாக்கள் நின்று பேசிக்கொண்டிருப்போம். அதில் யாராவது ஒருவர் வாரம் தவறாமல் என்னைக் கேட்பார்: "அக்கா, உங்க எக்ஸ்ரே கோர்ஸுக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு? இப்போ எவ்வளவு வருது?" ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது என் வீட்டுக் கணக்கு. அதை வைத்து அவர் முடிவெடுத்தால் மாட்டிக்கொள்வார். அவரவர் கணக்கை அவரவரே போடுவது எப்படி என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் திருச்சியில் பி.காம். படித்துவிட்டு, கல்யாணமாகி, எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது) டாலஸ் பக்கம் வந்தவள். 2016இல் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், உடற்கூறியல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். 2019இல் ரேடியோகிராஃபியில் (எக்ஸ்ரே) அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருட டிகிரி முடித்தேன். இப்போது ஒரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் பிரிவில் வேலை. "இரண்டு வருடப் படிப்பு" எனக்கு மூன்று வருடம் எடுத்தது. ஏன் என்பது கீழே வரும்.

ஒரு சின்ன விளக்கம். நாம் ஊரில் பாராமெடிக்கல் என்று சொல்வதைத்தான் இங்கே அலைட் ஹெல்த் என்கிறார்கள். இங்கே பாராமெடிக் என்றால் ஆம்புலன்ஸில் வருகிறவர். நர்ஸிங் இதில் சேராது, அது தனி உலகம். எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சுவாச சிகிச்சை, பல் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீன், பிசியோதெரபி உதவியாளர், ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர், ரத்தப் பரிசோதனை லேப் ஆகியவை இந்த இரண்டு வருட டிகிரியில் வேலை கிடைக்கிற முக்கியமான துறைகள்.

முதலில் விசா

பணக் கணக்கை ஓரமாக வையுங்கள். படித்து முடிக்கும் நாளில் உங்களுக்கு வேலை செய்ய அனுமதி இருக்குமா? இதற்குப் பதில் இல்லையென்றால் மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். எச்-4 என்றால் படிக்கத் தடையில்லை, முழு நேரமாகவே படிக்கலாம். வேலைக்குத்தான் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015 மே மாதத்திலிருந்து எச்-4 ஈஏடி இருக்கிறது. ஆனால் கணவருக்கோ மனைவிக்கோ கம்பெனி போடும் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஆறு வருடத்தைத் தாண்டி எச்-1பி நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். ஐ-140 இன்னும் போடவே இல்லையென்றால், நீங்கள் படித்து முடிப்பதற்குள் அது வருமா என்று அவருடைய கம்பெனி வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் காலேஜ் பக்கம் போக வேண்டும். இன்னொன்று: ஈஏடியைப் புதுப்பிக்க விண்ணப்பித்தால் தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு, 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்குக் கிடையாது. பழைய கார்டு காலாவதியாகி புதுசு வரவில்லையென்றால் மருத்துவமனை உங்களை ஷிப்டில் போடாது. அந்தச் சம்பளமில்லாத மாதங்களுக்கும் கணக்கில் இடம் விட வேண்டும்.

சென்னையிலிருந்து எஃப்-1 மாணவர் விசா எடுத்து இதற்கென்றே வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: வேண்டாம். வெளிமாநிலக் கட்டணம் கட்டி, மூன்று வருடம் உட்கார்ந்து படித்து, கடைசியில் 12 மாத ஓபிடி, அதாவது படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அனுமதி, கிடைக்கும். அதை நீட்டிக்கிற ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு) சலுகைக்கு பேச்சலர் டிகிரியாவது வேண்டும். எச்-1பி என்பதும் பேச்சலர் டிகிரி தேவைப்படும் வேலைகளுக்குத்தான். அசோசியேட் டிகிரி வேலைக்கு அது ஒட்டாது. இதை ஏஜென்டுகள் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

ஊர்ப் படிப்பு கையில் இருக்கிறதா

பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, எம்.எல்.டி., பி.பி.டி. முடித்தவர்கள் நேரே கம்யூனிட்டி காலேஜுக்கு ஓடாதீர்கள். லேப் துறையில் ஏஎஸ்சிபி என்ற சான்றுத் தேர்வுக்கு வெளிநாட்டு டிகிரியை மதிப்பீடு செய்து அனுப்பும் வழிகள் இருக்கின்றன. பிசியோதெரபிஸ்டுகளுக்கும் எஃப்சிசிபிடி என்ற மதிப்பீட்டு நிறுவனம் மூலம் தனி வழி இருக்கிறது. அது முடியாது என்று தெரிந்த பிறகுதான் முதலிலிருந்து படிப்பது. பி.பி.டி. முடித்தவர் போய் பிசியோதெரபி உதவியாளர் படிப்பில் சேருவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

என்னைப் போல பி.காம்., பி.ஈ. ஆட்களுக்கும் பழைய மார்க் ஷீட் உதவும். டபிள்யூஇஎஸ், ஈசிஈ மாதிரி நிறுவனங்களில் மதிப்பீடு வாங்கினால் கணக்கு, உளவியல் போன்ற பொதுப் பாடங்கள் சில கழியலாம். ஆங்கிலத்தைப் பெரும்பாலும் திரும்பப் படிக்கச் சொல்வார்கள். ஷேக்ஸ்பியரை வைத்துப் பரீட்சை எழுதியிருக்கிறோமே என்று நான் வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை.

அங்கீகாரம்: காலேஜுக்கு அல்ல, கோர்ஸுக்கு

காலேஜுக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, நீங்கள் சேரும் கோர்ஸுக்கு இருப்பது வேறு. கோர்ஸுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு துறைக்குத் துறை வேறு: எக்ஸ்ரேக்கு ஜேஆர்சிஇஆர்டி, சுவாச சிகிச்சைக்கு கோஆர்க், டென்டல் ஹைஜீனுக்கு கோடா, பிசியோ உதவியாளருக்கு கேப்டி, ஆக்குபேஷனல் தெரபிக்கு ஏகோட், அல்ட்ராசவுண்டுக்கு காஹெப், லேபுக்கு நாக்ல்ஸ். இவற்றின் தளத்திலேயே மாநிலவாரியாகப் பட்டியல் இருக்கும். பட்டியலில் பெயர் இல்லாத கோர்ஸில் படித்தால் பல துறைகளில் உரிமத் தேர்வே எழுத விட மாட்டார்கள்.

நான் இதில் மயிரிழையில் தப்பினேன். ஒரு தனியார் காலேஜில் இணையத்தில் பெயர் கொடுத்தது மட்டும்தான் செய்தேன். அன்று மாலைக்குள் மூன்று போன். "இன்னும் ரெண்டு சீட்தான் இருக்கு, முன்பாடம் எதுவும் வேண்டாம், அடுத்த மாசமே கிளாஸ்." கட்டணத்தைக் கேட்டால் மாதத் தவணையை மட்டும் சொல்வார்கள், மொத்தத்தைச் சொல்லவே மாட்டார்கள். நேரில் போனபோது, கோர்ஸ் அங்கீகாரம் "ப்ராசஸ்ல இருக்கு" என்றார் அந்தப் பெண். தோழி ஒருத்தி என் முழங்கையைக் கிள்ளி எழுப்பிக் கூட்டிவந்தாள்.

இது கற்பனைப் பயம் இல்லை. லாப நோக்கில் நடந்த கொரிந்தியன் காலேஜஸ் என்ற பெரிய சங்கிலி, எவரெஸ்ட், ஹீல்ட் என்ற பெயர்களில் மெடிக்கல் அசிஸ்டென்ட் மாதிரிப் படிப்புகளை ஏகப்பட்ட பேருக்கு விற்றது. 2015 ஏப்ரலில் ஒரே நாளில் மீதியிருந்த வளாகங்களை இழுத்து மூடியது. அங்கே படித்த சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை 2022இல் மத்திய அரசு தள்ளுபடி செய்தது. கடன் போயிற்று சரி. போன வருடங்களை யார் திருப்பித் தருவது?

அங்கீகாரம் உள்ள ஒவ்வொரு எக்ஸ்ரே கோர்ஸும் தன் தளத்தில் மூன்று எண்களை வெளியிட்டாக வேண்டும்: உரிமத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர்கள், வேலை கிடைத்தவர்கள், சேர்ந்தவர்களில் முடித்தவர்கள். தேர்ச்சியில் ஐந்து வருடச் சராசரி 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது ஜேஆர்சிஇஆர்டி வைத்திருக்கும் கோடு. எல்லோரும் தேர்ச்சி சதவீதத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மூன்றாவது எண்ணைப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேரை வழியிலேயே கழற்றிவிட்டால் மீதிப் பேரை வைத்து நூற்றுக்கு நூறு காட்டுவது சுலபம். நீங்கள் எந்தப் பாதியில் இருப்பீர்கள் என்று சேரும்போது தெரியாது.

சீட்டுக்கு முன் வரும் ஒரு வருடம்

உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு செமஸ்டர், சில துறைகளுக்கு நுண்ணுயிரியல், ஆங்கிலக் கட்டுரை, காலேஜ் அல்ஜீப்ரா, மருத்துவச் சொற்கள். இவற்றை முடித்த பிறகுதான் கோர்ஸுக்கே விண்ணப்பிக்க முடியும். பல இடங்களில் டீஸ் அல்லது ஹெசி நுழைவுத் தேர்வும் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை, ஒரே குழுவாகத்தான் எடுப்பார்கள். உடற்கூறியலில் பி வாங்கினால் சேர்க்கைப் புள்ளி குறையும், சி வாங்கினால் அந்த வருடம் மறந்துவிடலாம். இதனால்தான் இரண்டு வருடம் மூன்றாகிறது. இரண்டாம் முறை விண்ணப்பித்து நான்கு வருடத்தில் முடித்தவர்களும் என் வகுப்பில் இருந்தார்கள். அறிவியல் பாடங்களுக்கு ஐந்து, ஏழு வருடம் என்று கெடுவும் வைத்திருப்பார்கள். கைக்குழந்தையோடு இப்போதே படித்துவைத்துவிட்டு, பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு கோர்ஸில் சேரலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இந்தக் கெடுவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முன்பாடங்களை மாலையிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். வேலையை விட வேண்டாம், டே கேர் வேண்டாம். அதனால் பெரிய செலவில்லாத வருடம் இது. உங்களுக்கு இந்தத் துறை ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்கும் வருடமும் இதுதான்.

கணவர் வேலை ஐ.டி.யில் என்றால் இன்னொரு யோசனையும் வேண்டும். கோர்ஸ் நடுவில் ஊர் மாறினால் சீட் போச்சு. இந்தக் குழுக்களில் இடையில் வந்து சேர்பவரை எடுப்பது அபூர்வம். எச்-1பியில் வேலை போனால் 60 நாள் அவகாசம்தான். எதிர்பாராத மாற்றத்தைத் தடுக்க முடியாது. ஆனால் அடுத்த வருடம் சியாட்டில் போகலாம் என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சிருந்தால், சியாட்டில் போய்ச் சேருங்கள்.

செலவு: கட்டணம்தான் சின்னது

2024-25 கல்வியாண்டில் அரசுக் கம்யூனிட்டி காலேஜ்களில் உள்ளூர்வாசிக்கு வருடக் கட்டணம் தேசிய சராசரியில் சுமார் 4,050 டாலர். கலிபோர்னியாவில் ஒரு கிரெடிட் யூனிட்டுக்கு 46 டாலர். இந்த உள்ளூர் கட்டணம் கிடைக்க அந்த மாநிலத்தில், பல இடங்களில் அந்தக் கவுண்டியிலேயே (மாவட்டம் மாதிரி), குடியிருக்க வேண்டும். எச்-4 ஆட்களை உள்ளூர்வாசியாக ஏற்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, ஓட்டுநர் உரிமத்தோடு பதிவாளர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பக்கத்துக் கவுண்டிக்காரர் என்று சொல்லிவிட்டால் கட்டணம் கூடும். வெளிமாநிலத்தார் என்றால் இன்னும் ஏறும்.

அதற்கு மேல் உதிரிச் செலவுகள். புத்தகம், ஸ்க்ரப்ஸ் சீருடை, பின்னணி விசாரணை, போதைப் பொருள் சோதனை, சிபிஆர் முதலுதவிச் சான்று, தடுப்பூசி, கடைசியில் தேர்வுக் கட்டணம், மாநில உரிமம். டென்டல் ஹைஜீன் என்றால் கருவிப் பெட்டிக்கே சில ஆயிரம் டாலர் ஆகும். அந்தப் படிப்பில் சிகிச்சைக்கு ஆளையும் மாணவரே தேட வேண்டியிருக்கும். பல்லில் காரை கெட்டியாகப் படிந்த ஆள் வேண்டும் என்று என் தோழி கோயில் பிரசாத வரிசையில்கூட ஆள் பிடித்தாள்.

தடுப்பூசியில் நம் ஆட்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. கிளினிக்கல், அதாவது மருத்துவமனைப் பயிற்சிக்குப், போகும் முன் காசநோய் சோதனை கேட்பார்கள். முன்கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளப்பார்கள். ஊரில் பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட நமக்கு, நோய் இல்லாவிட்டாலும் அது வீங்கலாம். எனக்கு வீங்கியது. அப்புறம் டாக்டர், மார்பு எக்ஸ்ரே, கடிதம், கையெழுத்து என்று மூன்று வாரம் அலைந்தேன். எக்ஸ்ரே எடுக்கக் கற்றுக்கொள்ள வந்தவளுக்குத்தான் வகுப்பில் முதல் எக்ஸ்ரே. குவான்டிஃபெரான் மாதிரி ரத்தப் பரிசோதனையாகச் செய்யலாமா என்று முதலிலேயே கேளுங்கள். பிசிஜி அதைக் குழப்பாது.

பெரிய செலவு இனிமேல்தான். கோர்ஸ் நடக்கும் இரண்டு வருடமும் வாரத்தில் இரண்டு மூன்று நாள், கடைசி செமஸ்டரில் நான்கு நாள்கூட, சம்பளமில்லாத கிளினிக்கல். என் மருத்துவமனையில் காலை 6.45க்கு உள்ளே நிற்க வேண்டும். பள்ளி பஸ் 8 மணிக்கு வரும். அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு ஆள் வேண்டும். என் வீட்டில் கணவர் தன் காலைக் கூட்டங்களைத் தள்ளிவைத்தார். அது முடியாத வீடுகளில் டே கேர், இரண்டாவது கார், பெட்ரோல், காப்பீடு என்று போகும். ஊரிலிருந்து அம்மா ஆறு மாதம் வந்து பார்த்துக்கொள்வார் என்று பலர் திட்டம் போடுவார்கள். கோர்ஸ் 24 மாதம் ஓடும்.

இப்போது வேலையில் இருப்பவர் என்றால், விடப்போகும் சம்பளமும் செலவுதான். அதை யாரும் எழுதுவதில்லை, கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை என்பதால்.

வருமானம்: தலைப்பில் வரும் எண்ணை நம்பாதீர்கள்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்கில் வருடச் சம்பளத்தின் இடைநிலை அளவு, டாலரில், இப்படி: டென்டல் ஹைஜீனிஸ்ட் சுமார் 94,000, அல்ட்ராசவுண்ட் 89,000, சுவாச சிகிச்சை 80,000, எக்ஸ்ரே 77,700, ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் 68,000, பிசியோ உதவியாளர் 65,500, லேப் 62,000. ஒப்பிட, ஒரு வருடத்துக்குள் சான்றிதழ் வாங்கிச் சேரும் மெடிக்கல் அசிஸ்டென்ட் 44,000.

இடைநிலை என்றால் பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. இருபது வருட அனுபவக்காரரும் இதில் உண்டு. முதல் வருடம் நீங்கள் கீழ்ப் பாதியில்தான் இருப்பீர்கள். அந்தத் துறையின் தளத்தில் உங்கள் நகரத்துக்கான பட்டியலைத் திறந்து, 25ஆம் சதமான இடத்தில் (நூறு பேரில் கீழிருந்து 25ஆவது ஆளின் இடம்) இருக்கும் மணிக்கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

லேப் எண்ணில் இன்னொரு கலப்படம்: நான்கு வருட டிகிரிக்காரர்களையும் இரண்டு வருடக்காரர்களையும் சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள். இரண்டு வருடக்காரருக்கு அதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். ஹைஜீனிஸ்ட் எண்ணில் வேறு சிக்கல். பலர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும், சில சமயம் இரண்டு க்ளினிக்கில் மாறி மாறி வேலை செய்கிறார்கள். மருத்துவக் காப்பீடு, சம்பள விடுமுறை பல இடங்களில் கிடையாது. மணிக்கூலியை முழு நேர வேலையின் வருட அளவான 2,080 மணி நேரத்தால் பெருக்கினால் வரும் 94,000 பலர் கையில் வருவதே இல்லை. கணவர் வழியில் காப்பீடு இருந்து, பள்ளி நேரத்துக்குள் வேலை போதும் என்கிறவருக்கு அதுவே வசதி. இடமும் முக்கியம். கலிபோர்னியாவில் சம்பளம் நன்றாக மேலே இருக்கும், வாடகையும்தான். அலபாமாவில் பல் மருத்துவரே ஆளை எடுத்துப் பயிற்சி கொடுத்து ஹைஜீனிஸ்ட் ஆக்க மாநிலம் அனுமதிக்கிறது. அங்கே ஹைஜீனிஸ்ட் சம்பளம் நாட்டின் மிகக் குறைந்த சம்பளங்களில் ஒன்று.

உடம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்ட்ராசவுண்ட்காரர்களுக்குத் தோளும் மணிக்கட்டும் போகும், ஹைஜீனிஸ்டுக்குக் கழுத்து, எங்களுக்கு முதுகு.

கணக்கு

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒரே காலேஜ், ஒரே எக்ஸ்ரே கோர்ஸ், டெக்சஸில். எண்கள் எல்லாம் விளங்குவதற்காக நான் வைத்தவை, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பாடத்தோடு சேர்த்து 75 கிரெடிட், கிரெடிட்டுக்கு 100 டாலர் என்றால் 7,500. உதிரி 3,000. படித்த பின் மணிக்கு 30 டாலர், அதாவது வருடம் 62,400.

முதல் பெண் வீட்டில் இருக்கிறாள். மூன்று வயதுப் பிள்ளை. கணவர் சம்பளம் 1 லட்சத்து 30 ஆயிரம். டே கேர் மாதம் 1,200 என்றால் 24 மாதத்துக்கு 28,800. இரண்டாவது காருக்கான பெட்ரோல், காப்பீடு மாதம் 200 வீதம் 4,800. மொத்தச் செலவு 44,100. கட்டணம் அதில் ஆறில் ஒரு பங்குதான்.

வரவில் 62,400ஐ அப்படியே எழுதிவிடாதீர்கள். கணவன் மனைவி சேர்ந்து வரி கட்டுகையில் உங்கள் சம்பளம் அவர் சம்பளத்தின் தலைமேல் ஏறி உட்காரும். 2025 வரி அடுக்கில் அவருடைய 1 லட்சத்து 30 ஆயிரமே நிலையான கழிவு 31,500 போக 22 சதவீத அடுக்கைத் தொட்டுவிடுகிறது. அதனால் உங்கள் முதல் டாலரே 22 சதவீதத்தில்தான் ஆரம்பிக்கும். கூட சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் 7.65 சதவீதம். மிச்சம் சுமார் 43,900. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, நியூ ஜெர்சியில் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். வேலைக்குப் போன பிறகும் டே கேர் ஓடினால் 14,400 போகும். கையில் 29,500. ஆக, போட்டது திரும்ப வர ஒன்றரை வருடம்.

இதே பெண் பிள்ளை அரசுப் பள்ளியில் கிண்டர்கார்டன் போகும்வரை காத்திருந்தால், டே கேர் என்ற பெரிய வரியே இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட அழிந்துபோகும்.

இரண்டாம் பெண் ஏற்கெனவே மணிக்கு 18 டாலர் வேலையில் இருக்கிறாள். காரும் டே கேரும் ஏற்கெனவே ஓடுகின்றன, அதனால் அவை புதுச் செலவு இல்லை. ஆனால் கோர்ஸுக்காக வேலையை விட்டால், எளிமைக்காக அதே வரிவிகிதம் என்று வைத்தால், வருடம் சுமார் 26,300 வீதம் இரண்டு வருடத்துக்கு 52,700 போகிறது. கட்டணமும் உதிரியும் சேர்த்தால் 63,200. அவளுடைய லாபம் 30 டாலர் அல்ல. 18க்கும் 30க்கும் இடையிலான 12 டாலர்தான். வரி போக வருடம் சுமார் 17,600. போட்டது திரும்ப மூன்றரை வருடத்துக்கு மேல். அதற்காக அவள் சேரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வருடம் வேலை பார்ப்பவளுக்கு அது நல்ல முதலீடுதான். ஐந்து வருடத்தில் ஊருக்குத் திரும்பப்போகிறவளுக்கு இல்லை. இங்கே உள்ள ஏஆர்ஆர்டி என்ற தேசிய எக்ஸ்ரே சான்று மாநிலம் மாறினாலும் உங்களோடு வரும், ஊருக்குத் திரும்பினால் இந்தச் சம்பளம் உங்களோடு வராது.

இதே கோர்ஸைத் தனியாரில் 45,000 டாலருக்கு எடுத்தால் முதல் பெண்ணின் மொத்தம் 81,600 ஆகிவிடும், வட்டி தனி. சீட் சீக்கிரம் கிடைக்கும் என்பதுதான் அவர்கள் விற்கும் சரக்கு. ஒரு வருடம் முந்திக்கொள்வது உங்களுக்கு 37,500 டாலர் பெறுமா என்று கேட்டுப் பாருங்கள்.

உதவிப் பணம்

மத்திய அரசு உதவிக்கான ஃபாஃப்சா படிவம் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும். எச்-4க்கு மத்திய அரசு உதவி கிடையாது. திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் கிராண்ட் 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர், கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தை மூடிவிடும் தொகை. ஆனால் ஏற்கெனவே பேச்சலர் டிகிரி உள்ளவருக்குக் கிடையாது, ஊரில் வாங்கிய டிகிரியும் அதில் சேரும். மூன்று வருட டிகிரியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைக் காலேஜ் நிதியுதவி அலுவலகம் முடிவு செய்யும். மறைக்காதீர்கள், பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்து, இங்கேயே வளர்ந்து பிளஸ் டூ முடித்த உங்கள் பிள்ளை இந்தப் படிப்புக்குப் போனால் பெல் அவர்களுக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, வரலாம்.

மத்திய அரசின் மாணவர் கடன் டிகிரி இருந்தாலும் கிடைக்கும். 2025-26இல் வட்டி 6.39 சதவீதம். 20,000 வாங்கினால் பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 226 டாலர். கம்யூனிட்டி காலேஜுக்கு அவ்வளவு தேவைப்படாது. தருகிறார்களே என்று முழுத் தொகையையும் வாங்கிவிடாதீர்கள்.

வரியில் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்று ஒன்று உண்டு. கட்டணத்தில் 20 சதவீதம், அதிகபட்சம் 2,000. சேர்ந்து வரி கட்டும் தம்பதிக்கு வருமானம் 1 லட்சத்து 60 ஆயிரத்தில் குறைய ஆரம்பித்து 1 லட்சத்து 80 ஆயிரத்தில் நின்றுபோகும்.

வேலை அனுமதி இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது வேறு. முன்பாட வருடத்திலேயே பெரிய மருத்துவமனை ஒன்றில் நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் வேலையோ, ரத்தம் எடுக்கும் வேலையோ பார்த்துச் சேருங்கள். ஊழியரின் படிப்புக்கு வருடம் 5,250 டாலர் வரை வரியில்லாமல் கொடுக்க சட்டம் இடம் தருகிறது, பல மருத்துவமனைகள் கொடுக்கின்றன. பதிலுக்கு ஒன்றிரண்டு வருடம் அங்கேயே இருக்கச் சொல்லலாம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எக்ஸ்ரே அறை வாசலில் நாலு மாதம் வண்டியோடு நின்றால் அந்த வேலையின் முகமும் தெரிந்துவிடும். ரத்தம், வாந்தி, படுத்த படுக்கையாக இருக்கும் 120 கிலோ ஆளைப் புரட்டிப் பலகை வைப்பது, எல்லாம் பார்க்கலாம்.

விளக்கக் கூட்டத்துக்குப் போகும்போது

பெரும்பாலும் எல்லா காலேஜும் இந்தக் கோர்ஸுகளுக்கு இலவச விளக்கக் கூட்டம் வைக்கும், ஆன்லைனிலும் உண்டு. அங்கே கூச்சப்படாமல் கேளுங்கள்: போன வருடம் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை சீட்? எடுத்தவர்களில் கடைசி ஆளின் புள்ளி என்ன? கிளினிக்கல் எந்த ஊர் மருத்துவமனை வரை போகும்? எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு ஒரு வழிக்கு 55 மைல் விழுந்தது. மாற்றிக்கொள்ள முடியாது என்றுவிட்டார்கள். எச்-4 என்றால் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் பின்னணி விசாரணையும் மாநில உரிமமும் நடக்குமா என்றும் கேளுங்கள்.

முதல் வேலை பெரும்பாலும் இரவு ஷிப்ட், வார இறுதி, அல்லது கூப்பிட்டால் மட்டும் போகும் பிஆர்என் ஆகத்தான் கிடைக்கும். பிஆர்என்னில் மணிக்கூலி கூட, ஆனால் மணி நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை. நேர்முகத்தில் இரவுக்கும் வார இறுதிக்கும் கூடுதலாக எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். என் முதல் வருடச் சம்பளத்தைத் தூக்கிவிட்டது அந்தக் கூடுதல்தான். எக்ஸ்ரேயில் ஒரு வருடம் நின்ற பிறகு சி.டி., எம்.ஆர்.ஐ. பக்கம் நகர்ந்தால் ஏற்றம் வரும்.

எக்ஸ்ரேயில் சேருகிறவர்கள் இன்னொன்று செய்யுங்கள். படத்தில் இடதா வலதா என்று காட்ட, நம் பெயரின் முதலெழுத்து பொறித்த ஈய மார்க்கர் இரண்டு வாங்கச் சொல்வார்கள். விரல் நகம் அளவுதான் இருக்கும். இரண்டு ஜோடி ஆர்டர் பண்ணுங்கள். முதல் ஜோடி ஐ.சி.யூ. படுக்கை விரிப்போடு சலவைக்குப் போய்விடும்.